சிங்கப்பூர் ஆற்றில் 40 நிமிடப் படகுச் சவாரி: வயதான அப்பாவுக்கு அதில் என்ன இருக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருச்சியிலிருந்து அப்பா, அம்மாவோடு டிசம்பர் கடைசியில் இரண்டரை நாள் சிங்கப்பூர் வருகிறீர்கள். அப்பாவுக்கு 72 வயது, பொதுப்பணித் துறையில் முக்கொம்புப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆற்றில் ஓடும் சுற்றுலாப் படகுக்கு ஆளுக்கு இத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுப்பது தகுமா, அதே ஆற்றங்கரையில் காசில்லாமல் நடந்தால் போதாதா, போவதென்றால் எல்லாரும் சொல்வதுபோல் இரவில்தான் போக வேண்டுமா என்று மூன்று கேள்விகள். ஆனால் கடைசி வரியில், "அப்பாவுக்கு வெறும் விளக்குகளைக் காட்டினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இந்த ஊரில் பிறந்தவன். உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டியாக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களைத்தான் அதிகம் அழைத்துப் போயிருக்கிறேன். என் சுருக்கமான பதில்: போங்கள், ஆனால் இரவில் போகாதீர்கள், வெளிச்சம் இருக்கும்போது ஏறி, இருட்டும்போது இறங்குங்கள். ஏறுவதற்கு முன் கரையில் அரை மணி நேரம் மெதுவாக நடங்கள். அந்த நடை இல்லாமல் படகில் ஏறினால் காசு வீண் என்றே சொல்வேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஆற்றைப் பற்றி. காவிரிக் கரையில் வாழ்ந்தவருக்கு இதை ஆறு என்று காட்டினால் சிரிப்பார். கிம் செங் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை 3 கிலோமீட்டர் சொச்சம்தான். அகலமும் நம் ஊர்ப் பெரிய வாய்க்கால் அளவுதான். ஆனால் 1819இல் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே வணிகத் தலம் தொடங்கியதிலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரின் சோறு இந்த மூன்று கிலோமீட்டரிலிருந்துதான் வந்தது. ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அரிசி, ரப்பர், மிளகு, துணி எல்லாவற்றையும் கப்பலிலிருந்து சிறு படகுகளில் இறக்கி, ஆற்றுக்குள் கொண்டுவந்து, கரையோரக் கிடங்குகளில் ஏற்ற வேண்டும். அந்தச் சரக்குப் படகுகளில் ஒரு வகைக்குத் தொங்கான் என்று பெயர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லா வகையையும் சேர்த்துத் தொங்கான் என்றேதான் சொல்வார்கள். இப்போது நீங்கள் ஏறப்போகும் பம்போட் என்ற சவாரிப் படகு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முன்முனையில் இரண்டு பக்கமும் பெரிய கண் வரைந்திருக்கும், பாருங்கள். படகு வழி பார்த்துப் போக வேண்டும் என்ற சீனக் கடலோடிகளின் நம்பிக்கை அது.

என் தகப்பனார் ஆற்றின் தென்கரையில் உள்ள போட் கீயில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கிராணியாக, அதாவது சரக்குக் கணக்கு எழுதுபவராக, இருந்தார். பள்ளி விடுமுறையில் என்னை அங்கே கூட்டிப் போவார். அகலம் குறைந்த பலகையைப் படகிலிருந்து கரைக்குப் போட்டிருப்பார்கள். முதுகில் கோணி மூட்டையோடு ஆட்கள் அதன்மேல் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். பலகை அவர்கள் நடைக்கேற்ப வளைந்து வளைந்து எழும். நான் அப்பாவின் கையை விடமாட்டேன். ஆறு கறுப்பாக இருக்கும். ரப்பர் ஷீட்டின் நெடியும் சேற்று நாற்றமும் கலந்து அடிக்கும். அந்த வாடை வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் மூக்கில் நிற்கும். "கால் நனையாம இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் படகு மேலேயே நடந்து போயிடலாம்டா" என்பார் அவர். அவ்வளவு நெருக்கமாகப் படகுகள் நிற்கும்.

1977 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளில் இந்த ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும்படி சுத்தமாக்க வேண்டும் என்று சொன்னார். 1987க்குள் செய்தும் முடித்தார்கள். தூர் வாரியது அதில் சிறு பகுதி. ஆற்றில் வந்து விழும் கழிவின் ஊற்றுக்கண் ஒவ்வொன்றையும் அடைத்ததுதான் பெரிய வேலை. நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த ஏறக்குறைய 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள் போயின. தெருவோர உணவுக்கடைக்காரர்கள் அங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு அனுப்பப்பட்டன. குடியமர்த்தியதற்கான இழப்பீட்டைச் சேர்க்காமல் செலவு மட்டும் 170 மில்லியன் வெள்ளி என்பது அரசு சொல்லும் கணக்கு. அந்த 1983ஆம் ஆண்டில்தான் என் தகப்பனாரின் வேலையும் அங்கிருந்து போனது. ஆறு சுத்தமானதில் அவருக்குப் பெருமைதான், பல பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அதன் பிறகு சாகும்வரை போட் கீ பக்கம் அவர் தானாகப் போனதில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். படகில் ஓடும் ஒலிப்பதிவு வர்ணனை முதலாவதை மட்டும்தான் சொல்லும்.

உங்கள் அப்பாவுக்கு மிகவும் பிடிக்கப்போவது கண்ணுக்கு நேரே தெரியாத ஒரு விஷயம். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஆற்றில் ஏன் ஏற்றவற்றமே இல்லை?" தண்ணீர் மட்டம் காலையும் மாலையும் ஒன்றாகவே இருப்பதை அவர் கரைச் சுவரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். 2008இல், இந்த ஆறு போய்ச் சேரும் மரினா விரிகுடா கடலோடு சேரும் இடத்தில், 350 மீட்டர் அகல வாய்க்குக் குறுக்கே ஒரு கதவணை கட்டிவிட்டார்கள். மரினா அணைக்கட்டு என்று பெயர். ஒன்பது எஃகுக் கதவுகள். பெருமழை பெய்யும்போது கடல் தாழ்ந்திருந்தால் கதவைத் தாழ்த்தித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது மழை பெய்தால் கதவைத் திறந்து பயனில்லை, கடல்தான் உள்ளே வரும்; அப்போது ஏழு பெரிய பம்புகள் தண்ணீரை அணைக்கு அப்பால் தள்ளும். ஏழும் சேர்ந்து ஓடினால் வினாடிக்கு 280 கன மீட்டர். கன அடிக் கணக்கில் பேசிப் பழகியவருக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கன அடி என்று சொல்லுங்கள். பம்பு வைத்து அந்த அளவுத் தண்ணீரை வெளியேற்றுவது என்றால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

அணை கட்டியபின் மழைநீர் வரவர உப்பு வெளியேறி, 2010 வாக்கில் உள்ளே இருப்பது முழுவதும் நன்னீர் ஆனது. ஆகவே நீங்கள் படகில் போவது, பெயர்தான் ஆறும் விரிகுடாவும், உண்மையில் ஒரு குடிநீர் நீர்த்தேக்கத்தின் மேல். தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழும் மழை இதற்குள் வந்து சேர்கிறது. சவாரிப் படகுகள் புகைவிடும் டீசல் இயந்திரத்தை விட்டு மின்சாரத்துக்கு மாறியதன் பொருத்தம் இப்போது உங்களுக்கே புரியும். இன்னொரு லாபமும் உண்டு: அலை கிடையாது. கடல்பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட இந்தப் படகில் தலைசுற்றல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. முன்பெல்லாம் கடல் ஏறினால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் தொங்கான்கள் நுழைய முடியாமல் நீர் வடியும்வரை காத்துக் கிடக்கும் என்று என் தகப்பனார் சொல்வார். இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை.

இனி, கரையில் நடந்தால் போதாதா என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். இரு கரையிலும் அருமையான நடைபாதை இருக்கிறது. ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் கிளார்க் கீயிலிருந்து, முகத்துவாரத்தில் சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலை வரை நல்ல கால் உள்ளவருக்கு அரை மணி நேர நடை. கட்டடங்களை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் நடையே போதும், படகு வேண்டாம். படகு தருவது வேறு மூன்று காட்சிகள். ஒன்று, பாலங்களின் அடிவயிறு. இரண்டு, இரு கரையும் ஒரே பார்வையில் எதிரெதிராக நிற்பது: ஒரு பக்கம் ஆட்சிக் கட்டடங்கள், மறுபக்கம் வியாபாரக் கடைவீடுகள், நடுவில் நீங்கள். மூன்று, குறுகலான பழைய ஆற்றிலிருந்து திடீரென்று விரிகுடாவுக்குள் வெளிப்படும் அந்த ஒரு நிமிடம். சரக்கை இறக்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிய படகோட்டி நூறு வருடங்களுக்கு முன் அதே திருப்பத்தில் கடலைப் பார்த்திருப்பான். இந்த மூன்றாவதைக் கரையில் இருந்து எப்படி நடந்தாலும் பார்க்க முடியாது.

இதனால்தான் ஏறும் இடம் முக்கியம். மெர்லயன் பக்கத்திலும் விரிகுடாவைச் சுற்றியும் படகுத்துறைகள் இருக்கின்றன. பலரும் சிலையைப் பார்த்த கையோடு அங்கேயே ஏறிவிடுவார்கள். அப்படி ஏறினால் பெரிய காட்சி முதலில் வந்துவிடும். பிறகு ஆற்றுக்குள் போவது இறங்குமுகமாகத் தோன்றும். நீங்கள் கிளார்க் கீ துறையில் ஏறுங்கள். படகு கீழ்நோக்கிப் போய், விரிகுடாவைச் சுற்றி, அதே இடத்துக்குத் திரும்பும். டிசம்பரில் இங்கே சூரியன் மறைவது மாலை 7 மணியை ஒட்டி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்தி நீளாது, 7.30க்கு நன்றாக இருட்டிவிடும். 6.30 முதல் 6.45க்குள் படகு கிளம்பினால் போகும்போது ஆற்றங்கரைக் கட்டடங்களை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பீர்கள்; விரிகுடாவுக்குள் நுழையும்போது வானம் சிவந்திருக்கும்; திரும்பும்போது விளக்குகள் ஏற்றியிருப்பார்கள். ஒரே சீட்டில் இரண்டும் கிடைக்கும். முழு இருட்டில் ஏறினால் ஆற்றுப் பகுதியில் சாப்பாட்டுக் கடைகளின் விளக்கும் பாட்டுச் சத்தமும்தான் மிஞ்சும். நானும் தொடக்க காலத்தில் எல்லாரையும் இரவு 8 மணிக்கே அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன், கேட்கிறார்களே என்று. பட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் இறங்கியதும், "எல்லாம் ஜொலிக்குது தம்பி, ஆனா ஆறு எங்க இருக்குன்னே தெரியலையே" என்றார். அதோடு மாற்றிக்கொண்டேன்.

எங்கே உட்காருவது? படகின் நடுவில் கூரை போட்ட பகுதி, பின்னால் திறந்த பகுதி. அப்பாவைப் பின்னால் உட்கார வையுங்கள். கிளம்பியதும் இடப்பக்கம் பல வண்ண ஜன்னல்களோடு ஒரு கட்டடம் வரும். 1934இல் கட்டிய பழைய ஹில் ஸ்ட்ரீட் காவல் நிலையம், மொத்தம் 927 ஜன்னல்கள். அடுத்து கோல்மன் பாலம், பிறகு எல்ஜின் பாலம். எல்ஜின் பாலம் இருக்கும் இடத்தில்தான் இந்த ஆற்றின் முதல் பாலம், ஒரு மரப் பாலம், போடப்பட்டது. இப்போதைய பாலம் 1929இல் வந்தது. அதைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து போகும் கடைவீட்டு வரிசைதான் போட் கீ. கூரைகளுக்குப் பின்னால் உயரும் வங்கிக் கோபுரங்களை எல்லாரும் படம் எடுப்பார்கள். உங்கள் அப்பாவிடம் கீழே பார்க்கச் சொல்லுங்கள்: கருங்கல் கரைச்சுவர், தண்ணீருக்குள் இறங்கும் படிகள். மூட்டைகள் ஏறியது அந்தப் படிகளில்தான். இடப்பக்கம் நாடாளுமன்றம், 1819இல் அந்த வணிகத் தலத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை, ஆசிய நாகரிக அரும்பொருளகம் வரிசையாக வரும்.

அடுத்து கேவனா பாலம். 1869இல் முடிந்த தொங்கு பாலம். இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவில் செய்து இங்கே கொண்டுவந்து பூட்டப்பட்டவை. பூட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களின் கைதிகளை இங்கே அனுப்பி, சாலையும் கட்டடமும் போட வைத்தார்கள். அவர்கள் கையால் நடந்த கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று இந்தப் பாலம். சென்னை மாகாணக் கைதிகளில் நம் பக்கத்து ஆட்களும் இருந்திருப்பார்கள். படகு அடியில் போகும்போது மேலே அண்ணாந்து பார்த்தால் ஆணி ஆணியாக அறைந்த வேலை தெரியும். மொத்தம் சில வினாடிகள்தான், தவறவிடாதீர்கள். பாலத்தின் முனையில் ஒரு பழைய அறிவிப்புப் பலகையும் இருக்கிறது: 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது 150 கிலோ சொச்சத்துக்கு, மேற்பட்ட வண்டியும் மாடும் குதிரையும் போகக் கூடாது என்று. அதைக் கரையில் நடக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டியே 1910இல் கட்டிய ஆண்டர்சன் பாலம், பிறகு முன்பு தலைமை அஞ்சல் நிலையமாக இருந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம். எஸ்பிளனேட் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால் விரிகுடா. வலப்பக்கம் மெர்லயன். 1972இல் ஆற்று முகத்தில் வைத்த சிலை. 1997இல் இந்தப் பாலம் வந்து அதன் முகத்தை மறைத்துவிட்டதால் 2002இல் 120 மீட்டர் தள்ளி இப்போதைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீரில் இருந்து பார்த்தால் அதன் முகம் நேராகத் தெரியும். மெர்லயனையும் விரிகுடாக் கரையில் நிற்கும் மரினா பே சேண்ட்ஸ் ஓட்டலையும் பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, நான் நீட்டவில்லை.

நான் நீட்ட விரும்புவது வேறு. போட் கீயின் முதுகுப்புறத்தில், இரண்டு மூன்று நிமிட நடையில், சூலியா ஸ்ட்ரீட்டும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் இருக்கின்றன. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு இங்கே வழங்கிய பெயர். இந்த ஆற்றில் முதல் தலைமுறைச் சரக்குப் படகுகளை ஓட்டியவர்களில் அவர்கள் பெரும் பங்கு. 1822இல் வரைந்த ஜாக்சன் நகரத் திட்டத்தில் ஆற்றின் தென்கரையில் அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பே குறித்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் படகுத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. மார்க்கெட் ஸ்ட்ரீட் நகரத்தார்களின் இடம். தமிழர்கள் அதைச் செட்டித் தெரு என்றே சொன்னார்கள். அங்கே கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் வரிசையாகப் பல விலாசங்கள், அதாவது வட்டித் தொழில் நிறுவனங்கள். ஒவ்வொரு விலாசத்துக்கும் தரையில் ஒரு பாய், ஒரு கணக்குப் பெட்டி. ஏஜெண்டு, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் அங்கேயே வேலை, அங்கேயே தூக்கம். ஆற்றங்கரையில் மூட்டை வாங்கிய சீன வியாபாரிக்கும் மலாய் தீபகற்பத்துத் தோட்டக்காரருக்கும் கடன் கொடுத்தது அந்தப் பாய்களில் உட்கார்ந்துதான். கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு அங்கே இப்போது உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன.

சில வருடங்களுக்கு முன் தேவகோட்டைப் பக்கமிருந்து வந்த ஓர் ஆச்சியை அந்தத் தெருவுக்கு அழைத்துப் போனேன். வரும்வரை எதிலும் ஈடுபாடு காட்டாமல் இருந்தவர். "ஐயா கொண்டுவிக்கப் போன இடம் இதுவா" (கொண்டுவிக்க என்றால் கடல் கடந்து தொழில் செய்ய) என்று கேட்டுவிட்டு, நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய தகப்பனார் அடுத்தாளாக வந்து மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பியவராம். பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை, கண்ணாடிச் சுவர்தான். அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு படகில் ஏறியபோது போட் கீ வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏறுமுன் அரை மணி நேரம் நடங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தை ஒட்டிய கரையில் செட்டியாரும் வங்கியாளரும் சேர்ந்த வெண்கலச் சிலைத் தொகுதி ஒன்று இருக்கிறது. கேவனா பாலத்தடியில் ஆற்றுக்குள் குதிக்கும் சிறுவர்களின் சிலைகளும் இருக்கின்றன. அம்மா உட்கார்ந்து இளைப்பாற அங்கே இடமுண்டு.

சில கதைகளைப் பற்றி எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலில் சுவைக்காகக் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. இங்கே முதலில் வந்த தமிழர்களில் ஒருவரான நாராயண பிள்ளை 1819 மே மாதம் ராஃபிள்ஸின் இரண்டாம் வருகையில் பினாங்கிலிருந்து 'இண்டியானா' கப்பலில் வந்தார், செங்கல் சூளை வைத்தார், 1827இல் மாரியம்மன் கோயில் எழுப்பினார் என்பது உறுதியானது. வெள்ளைச் சிலை நிற்கும் இடத்தில்தான் ராஃபிள்ஸ் கால் வைத்தார் என்பது மரபாகச் சொல்லப்படுவது, அங்குல அளவில் நிரூபித்தது அல்ல. போட் கீயின் வளைவு கெண்டை மீனின் வயிறுபோல் இருப்பதால் செல்வம் சேர்ந்தது என்பது சீன வணிகர்களின் நம்பிக்கை. நம்பிக்கை என்ற அளவில் அழகானது. கிட்டங்கி, ஆங்கிலக் 'கோடவுன்', மலாய் 'குடாங்' எல்லாம் நம் 'கிடங்கு' தந்த சொற்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். உறவு இருக்கிறது என்று பல அகராதிகள் ஏற்கின்றன. தமிழா தெலுங்கா எது மூலம் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

எல்லாவற்றையும் விட அதிகம் கேட்கப்படுவது ராஜேந்திர சோழன் இங்கே வந்தானா என்பது. ஆற்று முகத்தில், இன்று ஃபுல்லர்ட்டன் கட்டடம் நிற்கும் பக்கம், எழுத்துகள் பொறித்த பெரிய மணற்பாறை ஒன்று இருந்தது. 1843இல் வேலை ஒன்றுக்காக அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இதுவரை யாரும் முழுமையாகப் படித்ததில்லை. காலத்தையே 10ஆம் நூற்றாண்டு என்பவரும் உண்டு, 14 என்பவரும் உண்டு. அண்மையில் ஓர் ஆய்வாளர், அதில் 'கேசரிவ' என்று படிக்கத்தக்க எழுத்துகள் இருப்பதாகவும் அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் கருத்துச் சொன்னார். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் கல்வெட்டு படித்தவன் அல்ல, வழிகாட்டி. அதனால் என் பயணிகளிடம் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் அப்பாவுக்கு இதில் ஆர்வம் இருந்தால் மறுநாள் அந்தத் துண்டையே போய்ப் பார்க்கலாம்.

அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். துறைக்குப் போகச் சரிவுப் பாதை உண்டு, ஆனால் படகுக்குள் இறங்கப் படி இறங்க வேண்டும், படகும் லேசாக ஆடும். ஊழியர்கள் கை கொடுப்பார்கள். "மெதுவாக ஏற வேண்டும்" என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு முன்னாலோ பின்னாலோ தனியாக ஏற்றிவிடுவார்கள். சக்கர நாற்காலி தேவைப்படும் நிலை என்றால் சீட்டு வாங்கும்முன் கேட்டுவிடுங்கள். படகில் கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம், கிளார்க் கீயிலேயே போய்விட்டு வாருங்கள். நடையைக்கூட அம்மாவுக்காகச் சுருக்கலாம்: ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, செட்டித் தெரு, போட் கீ, கேவனா பாலம் மட்டும் பார்த்துவிட்டு, டாக்ஸியில் கிளார்க் கீ போய்விடுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. மூத்தோர் சலுகை இருக்கிறதா, அது வெளிநாட்டவருக்கும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளி, சனி மாலைகளில் வரிசை நீளும், வேறு நாள் வாய்த்தால் நல்லது.

டிசம்பர் இங்கே மழைக்காலம். பிற்பகலில் கொட்டிவிட்டு மாலையில் தெளிவது சாதாரணம், நாள் முழுக்கப் பிடித்துக்கொள்வதும் உண்டு. முன்பதிவு செய்து தேதியைக் கட்டிப்போடாமல், முதல் நாள் மாலை வானம் தெளிவாக இருந்தால் அன்றே ஏறிவிடுங்கள். இடி மின்னல் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். தூறல் என்றால் போகலாம், கூரைக்கு அடியில் நனையாது. மழை விட்டதும் வரும் அந்தி வெளிச்சத்தில் போட் கீ வரிசை மிக அழகாக இருக்கும்.

அம்மாவுக்கு விளக்கு பார்க்கும் ஆசை இருந்தால் அதற்குப் படகுக் காசு தேவையே இல்லை. மரினா பே சேண்ட்ஸ் முன்னால் இரவில் நடக்கும் நீர், ஒளிக் காட்சி இலவசம். கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். நேரத்தை அன்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்காக மறுநாள் காலை மரினா அணைக்கட்டுக்கே போய்விடுங்கள். வெயில் ஏறும்முன் போவது நல்லது. மேலே புல்தரைக் கூரை, கீழே பம்பு அறை, பக்கத்தில் விளக்கக் கூடம், எதற்கும் கட்டணம் கிடையாது. கதவுகளுக்கு மேலேயே பாலம்போல நடக்கலாம். ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் கடல், இரண்டு மட்டமும் வேறு வேறாக நிற்பது அங்கிருந்து தெளிவாகத் தெரியும். முந்தின நாள் படகில் போன தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று அவரே உங்களுக்கு விளக்குவார்.